கவிதைப் புத்தகத்துக்கு ட்ரெய்லர்: முதலில் குரல், பிறகு படம்

புத்தகத்தை அறிமுகப்படுத்தும் ஒரு நிமிட வீடியோதான் ட்ரெய்லர். நாவலுக்கு ட்ரெய்லர் செய்பவருக்குக் கதை கைகொடுக்கும். பாதிக் கதையைச் சொல்லி, மீதியைப் புத்தகத்தில் படியுங்கள் என்று நிறுத்திவிடலாம். கவிதைத் தொகுப்பில் அப்படி நிறுத்த இடமில்லை. பார்ப்பவருக்கு அந்த ஒரு நிமிடத்தில் தெரிய வேண்டியது, இந்தக் கவிஞரின் குரல் எப்படி இருக்கும் என்பதுதான். அது பிடித்துப்போனால் புத்தகத்தைத் தேடுவார்.

எனவே வேலையின் வரிசை இப்படி இருக்கட்டும்: கவிதை, உரிமை, குரல், படம், எழுத்து, இசை. புதிதாகத் தொடங்கும் பலர் முதலில் அழகான காட்சிகளையும் ஓர் இசைத் துண்டையும் பிடித்துவிட்டு, அவற்றின்மேல் வரிகளை ஒட்டுகிறார்கள். அப்படிச் செய்தால் கவிதையின் நிறுத்தங்களை இசையின் தாளம் தின்றுவிடும். வரிகள் காட்சிக்குப் போட்ட தலைப்புகள் போலத் தெரியும்.

இன்னொரு குழப்பத்தையும் தொடக்கத்திலேயே தீர்த்துக்கொள்வது நல்லது. கவிதைத் திரைப்படம் என்பது தனிக் கலை. அதற்கென்றே பெர்லினில் 2002இல் தொடங்கிய ஜீப்ரா என்ற விழா இருக்கிறது. அங்கே கவிதையும் படமும் சேர்ந்து ஒரு புதிய படைப்பாகின்றன. ட்ரெய்லருக்கு அவ்வளவு பெரிய சுமை வேண்டாம். பார்த்து முடித்தவருக்குப் புத்தகத்தின் பெயர் நினைவிருக்க வேண்டும். படம் எவ்வளவு அழகாக இருந்தாலும், பெயர் நினைவில் நிற்கவில்லை என்றால் வேலை முடியவில்லை.

தேவையானவை: வீடியோ எடுக்கத் தெரிந்த ஒரு கைபேசி, அதை அசையாமல் நிறுத்த ஒரு ட்ரைபாட், சட்டையில் குத்தும் சிறு மைக் (இல்லையென்றால் இரண்டாவது கைபேசி), ஒரு கணினி. ஒலிக்கு ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் போதும். எடிட்டிங்குக்கு டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு, கேடென்லைவ், ஷாட்கட் ஆகிய மூன்றில் எது உங்கள் கணினியில் தடங்கலில்லாமல் ஓடுகிறதோ அது. இந்த மூன்றும் முடித்த படத்தின்மேல் வாட்டர்மார்க் போடுவதில்லை. ரிசால்வில் மட்டும், கட்டணப் பதிப்புக்கு உரிய விளைவு எதையாவது சேர்த்தால் அது விழும். கைபேசிச் செயலி எதையாவது பயன்படுத்துவதானால், அதன் இலவசப் பதிப்பு ஓரத்தில் தன் பெயரைப் பொறிக்கிறதா என்று முதல் நாளே ஐந்து விநாடித் துண்டு ஒன்றை ஏற்றுமதி செய்து பார்த்துவிடுங்கள்.

எந்தக் கவிதை

தொகுப்பின் மிகச் சிறந்த கவிதை ட்ரெய்லருக்கும் சிறந்ததாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. காதால் ஒருமுறை கேட்டவுடன் பிடிபடுகிற கவிதை வேண்டும். தொன்மக் குறிப்புகளும் அடுக்கடுக்கான உருவகங்களும் நிறைந்த கவிதையைத் தாளில் திரும்பிப் போய்ப் படிக்கலாம். திரையில் யாரும் திருப்பிப் பார்க்க மாட்டார்கள்.

ஆறு கவிதைகளிலிருந்து கவிதைக்கு இரண்டு வரி எடுத்துக் கோக்க வேண்டாம். ஒவ்வொரு துண்டும் பொன்மொழி போல ஒலிக்கத் தொடங்கும். கவிஞரின் மூச்சு எங்கும் தெரியாது. பத்திலிருந்து பதினான்கு வரிக்குள் முடியும் ஒரே ஒரு கவிதையை முழுதாகக் கொடுப்பதுதான் நல்ல வழி. அப்படிக் குறுங்கவிதை இல்லாத தொகுப்பு என்றால், நீண்ட கவிதையின் ஒரு பகுதியை நடுவில் வெட்டாமல் தொடர்ச்சியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

தேர்ந்தெடுத்ததும் நிறுத்தி நிதானமாகச் சத்தம் போட்டுப் படித்து நேரம் பாருங்கள். 25 முதல் 40 விநாடிக்குள் முடிந்தால் சரியான அளவு. முன்னும் பின்னும் சேர்த்து மொத்தம் ஒரு நிமிடத்தை ஒட்டி வரும். 90 விநாடியைத் தாண்ட விடாதீர்கள்.

உரிமைகள்: படம் எடுக்கும் முன்பே

கவிஞர் நீங்களே என்றாலும் பதிப்பக ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். ஒலி, காட்சி வடிவங்களுக்கான உரிமையைப் பதிப்பகத்துக்குக் கொடுத்திருக்கக்கூடும். கவிதை மொழிபெயர்ப்பு என்றால் மூலக் கவிஞர், மொழிபெயர்ப்பாளர் இருவரின் சம்மதமும் வேண்டும். பலர் மறப்பது அட்டைப் படத்தை. ஓவியரோ ஒளிப்படக் கலைஞரோ அச்சு அட்டைக்கு மட்டும் அனுமதி கொடுத்திருக்கலாம். வீடியோவில் அதை அசைத்தும் வெட்டியும் காட்டப்போவதாகச் சொல்லி எழுத்தில் ஒரு வரி வாங்கிக்கொள்ளுங்கள். படத்தில் முகம் தெரிகிறவர்களிடமும், குரல் கொடுப்பவரிடமும் அப்படியே. குழந்தைகள் என்றால் பெற்றோரிடம்.

இசையில்தான் அதிகம் பேர் சிக்குகிறார்கள். ஒரு பாட்டில் இரண்டு உரிமைகள் உண்டு: இசையமைப்புக்கு ஒன்று, ஒலிப்பதிவுக்கு ஒன்று. மிகப் பழைய கீர்த்தனை காப்புரிமைக் காலம் தாண்டியிருக்கலாம். அதைப் போன ஆண்டு ஒருவர் வாசித்த பதிவு தாண்டியிருக்காது. படைப்பாளரே எல்லோருக்கும் முன்கூட்டி அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் கிடைக்கும் இசை என்றால் உரிமத்தின் வகையைப் படித்துவிட்டு எடுங்கள். இசையைக் காட்சியோடு நேரம் பொருத்திச் சேர்ப்பதையே அந்த உரிமம் தழுவலாகக் கணக்கிடுகிறது. ஆகவே ‘மாற்றம் கூடாது’ என்ற வகை இசையை வீடியோவில் சேர்க்கவே முடியாது. ‘வணிகமற்ற பயன்பாட்டுக்கு மட்டும்’ என்பதும் விற்பனைக்கு உள்ள புத்தகத்தின் விளம்பரத்துக்கு ஆகாது. ‘அதே உரிமத்தில் பகிர்க’ என்ற வகையைச் சேர்த்தால் உங்கள் ட்ரெய்லரையும் அதே உரிமத்தில் வெளியிட வேண்டிவரும். அட்டை ஓவியர் அதற்கு ஒப்புக்கொள்வாரா என்பது தெரியாது. மிஞ்சுவது இரண்டு: எல்லா உரிமையையும் துறந்த சிசி ஜீரோ, பெயர் குறிப்பிட்டால் போதும் என்கிற வகை. எடுத்த நாளிலேயே உரிமப் பக்கத்தைப் பிடிஎஃப் ஆகச் சேமித்து வையுங்கள். பின்னாளில் யூடியூபின் தானியங்கிக் கண்காணிப்பு உரிமை கோரினால் பதில் சொல்ல அதுதான் சான்று.

குரல்

கவிஞரே படிக்கட்டும். உச்சரிப்பு கொஞ்சம் முன்பின் இருந்தாலும், தன் வரி எங்கே நிற்க வேண்டும் என்பது எழுதியவருக்குத் தெரியும். கணினிக் குரலைத் தவிர்த்துவிடுங்கள். அது வாக்கியத்தின் இலக்கணத்தைப் பார்த்து நிறுத்துகிறது. கவிதையோ பல இடங்களில் இலக்கணத்தை மீறித்தான் வரியை உடைக்கிறது.

அறை எப்படி இருக்கிறது என்பது மைக்கின் தரத்தைவிட முக்கியம். வெற்றுச் சுவர்களும் ஓட்டுத் தரையும் உள்ள அறையில் எந்த மைக்கும் குகைக்குள் பேசுவது போலத்தான் பதிவு செய்யும், அந்த எதிரொலியைப் பிறகு எடுக்கவும் முடியாது. துணிகள் தொங்கும் அலமாரியைத் திறந்து வைத்து, அதை நோக்கி உட்கார்ந்து படியுங்கள். முதுகுக்குப் பின்னால் ஒரு தடித்த போர்வையைத் தொங்கவிடுங்கள். மின்விசிறி, ஏசி, குளிர்பதனப் பெட்டி எல்லாம் அணைந்திருக்க வேண்டும். கைபேசியை விமானப் பயன்முறையில் போடுங்கள்.

மைக் வாயிலிருந்து 15 முதல் 20 செ.மீ. தூரத்தில், நேர் எதிரே இல்லாமல் கன்னத்துக்குச் சற்றுப் பக்கவாட்டில் இருக்கட்டும். ‘பாட்டி’, ‘பறவை’ என்று பகரத்தில் தொடங்கும் சொற்களின் காற்று நேரே மைக்கில் மோதினால் ‘டப்’ என்று ஓர் அடி விழும். பக்கவாட்டில் வைத்தால் காற்று தாண்டிப் போய்விடும், குரல் மட்டும் பதியும். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பாகப் பதிவு செய்யுங்கள். அளவுமானியில் உரத்த இடங்கள் மைனஸ் 12க்கும் மைனஸ் 6 டெசிபலுக்கும் இடையே நிற்கட்டும். பூஜ்யத்தைத் தொட்டால் ஒலி கிழிந்துவிடும், மீட்க வழியில்லை.

படிக்கத் தொடங்கும் முன் 30 விநாடி எதுவும் பேசாமல் அறையின் அமைதியைப் பதிவு செய்யுங்கள். பின்னால் இரண்டு வரிகளுக்கு நடுவே இடைவெளியை நீட்ட இது தேவைப்படும். அந்த இடத்தில் முழு வெறுமையை வைத்தால், ஒலி அறுந்து போனது போலக் காதில் படும்.

ஒவ்வொரு முறையும் கவிதையை முழுதாகப் படியுங்கள். தவறிய வரியை மட்டும் திருப்பிப் படித்து ஒட்டினால் குரலின் உயரம் பொருந்தாது. குறைந்தது ஐந்து முறை. முதல் இரண்டில் மேடைக்குரல் வரும், மூன்றாவதில் களைப்பு வரும், அதற்குப் பிறகுதான் இயல்பான குரல் வருவது வழக்கம். வேகத்தைக் குறைக்கச் சொன்னால் பலர் ஒவ்வொரு சொல்லையும் இழுப்பார்கள். சொல்லை இயல்பான வேகத்தில் விட்டு, வரிக்கு வரி நடுவே உள்ள நிறுத்தத்தை மட்டும் நீட்டச் சொல்லுங்கள்.

சுத்தம் செய்வது சிறிய வேலை. ஆடாசிட்டியில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை ஹைபாஸ் வடிகட்டியால் நீக்குங்கள். இரைச்சல் நீக்கியை 6 முதல் 9 டெசிபல் அளவோடு நிறுத்துங்கள். அதற்கு மேல் போனால் குரல் தண்ணீருக்குள் இருந்து வருவது போல ஆகும். மூச்சு ஒலிகளை முழுக்க அழிக்காமல் பாதியாகக் குறைத்தால் போதும். மூச்சே இல்லாத குரல் செயற்கையாகக் கேட்கும்.

படம்

வரி சொல்வதையே படமும் காட்டுவதுதான் கவிதை ட்ரெய்லர்களில் மலிந்து கிடக்கும் பிழை. ‘மழை’ என்னும்போது மழை, ‘கண்ணீர்’ என்னும்போது கண். இரண்டாவது வரிக்குள் பார்ப்பவருக்கு அடுத்து என்ன வரும் என்று தெரிந்துவிடும். எடுத்துக்காட்டுக்காக எழுதிய நான்கு வரிகள் இதோ:

கிணற்றை மூடிய பிறகும்
பாட்டி
வாளியைக் கழுவி
வெயிலில் வைக்கிறாள்

இதற்குக் கிணற்றையும் பாட்டியையும் வாளியையும் எடுத்துக் காட்டினால் கவிதை சொன்னதற்கு மேல் எதுவும் கிடைக்காது. சிமெண்ட் தரையில் வாளியின் அடிப்பாகம் விட்டுப்போன வட்ட ஈரத்தை மட்டும் எடுங்கள். காலை வெயில் பக்கவாட்டில் விழ, கேமரா அசையாமல், ஒரே ஷாட். முதல் வரி தொடங்க ஒரு விநாடி முன்பே அந்த வட்டம் திரையில் வந்துவிடட்டும். முதல் வரி இரண்டு விநாடி, பிறகு ஒரு விநாடி நிறுத்தம். ‘பாட்டி’ என்ற ஒற்றைச் சொல்லுக்குப் பின் முக்கால் விநாடி. ‘வாளியைக் கழுவி’ என்பதும் அதற்குப் பின் வரும் சிறு நிறுத்தமும் சேர்ந்து இரண்டு விநாடி, கடைசி வரி இன்னொரு இரண்டு. ‘வைக்கிறாள்’ முடிந்து ஒரு விநாடி கழித்து, வாளியின் கைப்பிடி விளிம்பில் விழும் ‘டங்’ என்ற ஒலி. வாளி திரையில் வரவே இல்லை. பத்துப் பன்னிரண்டு விநாடியில் எல்லாம் முடிந்துவிடும், ஒரே ஒரு ஷாட்டில்.

இப்படி ஒவ்வொரு பகுதிக்கும் கேட்டுக்கொள்ளுங்கள்: இந்த வரி சொல்லாமல் விட்ட எது அருகில் கிடக்கிறது? பொருளின் தடம், நிழல், வேலை முடிந்த கை, காலியான இடம். முகங்களைவிட இவை கவிதைக்கு இடம் விடும்.

ஒரு நிமிடத்துக்கு ஒன்பது முதல் பன்னிரண்டு ஷாட் போதும். பெரும்பாலானவை நான்கு முதல் ஏழு விநாடி நிற்கும். எடுக்கும்போது ஒவ்வொன்றையும் 15 விநாடிக்குக் குறையாமல் எடுங்கள். வெட்டும்போதுதான் நீளத்தின் அருமை தெரியும்.

கைபேசி அமைப்பில் நான்கு விஷயங்கள்:

1. விநாடிக்கு 24 அல்லது 25 ஃப்ரேம் வேகம். மின்விளக்கு ஒளியில் எடுத்தால் உங்கள் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸா 60 ஹெர்ட்ஸா என்று பாருங்கள். 50 என்றால் 25 ஃப்ரேமும் ஷட்டர் வேகம் 1/50ம், 60 என்றால் 30 ஃப்ரேமும் 1/60ம். பொருந்தாவிட்டால் படத்தில் கருங்கோடுகள் ஓடும். எந்த வேகத்தை எடுத்தாலும் எல்லா ஷாட்டுக்கும் அதுவே இருக்கட்டும்.
2. எச்டிஆர் வீடியோவை அணைத்துவிடுங்கள். புதிய கைபேசிகள் பலவற்றில் அது தானாகவே இயங்கும். எடிட்டிங் மென்பொருளின் சாதாரண டைம்லைனில் (துண்டுகளை வரிசையாக அடுக்கும் பட்டை) போட்டதும் வானமும் வெள்ளைத் துணியும் வெளிறிப்போகும்.
3. திரையை அழுத்திப் பிடித்துக் குவியத்தையும் வெளிச்சத்தையும் பூட்டுங்கள். இல்லையென்றால் ஷாட்டின் நடுவில் வெளிச்சம் தானாக ஏறி இறங்கும்.
4. எடுத்த கோப்புகளை ஹேண்ட்பிரேக் மென்பொருளில் நிலையான ஃப்ரேம் வேகத்துக்கு மாற்றிய பிறகே எடிட்டிங்குக்குள் கொண்டுபோங்கள். கைபேசிகள் ஃப்ரேம் வேகத்தைக் கணத்துக்குக் கணம் சற்று மாற்றிப் பதிகின்றன. கவிஞர் கேமராவைப் பார்த்துப் படிக்கும் காட்சியில் உதடும் குரலும் விலகிப்போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

புத்தகத்தையே எடுப்பதானால் ஃபிளாஷ் வேண்டாம், பளபள அட்டை அதில் வெள்ளையாக வெளிறிவிடும். ஜன்னல் வெளிச்சம் 45 பாகையில் பக்கவாட்டிலிருந்து விழட்டும். தாளின் சொரசொரப்பு தெரியும். அசையா ஒளிப்படத்தைப் பயன்படுத்தினால் ஆறு விநாடியில் நூறு விழுக்காட்டிலிருந்து 105 வரை மட்டும் பெரிதாக்குங்கள். அதற்கு மேல் போனால் திருமண ஆல்பம் போலாகிவிடும். படம் 2500 பிக்சல் அகலமாவது இருக்க வேண்டும்.

வெளியிலிருந்து காட்சிகள் வேண்டுமானால் பெக்ஸெல்ஸ், பிக்சாபே, விக்கிமீடியா காமன்ஸ், இண்டர்நெட் ஆர்க்கைவில் உள்ள பிரெலிங்கர் தொகுப்பு ஆகியவற்றில் தேடலாம். ஒவ்வொரு கோப்பின் உரிமத்தையும் தனித்தனியாகப் பாருங்கள். தேடலின் முதல் பக்கத்தில் வரும் காட்சியை எடுக்காதீர்கள், அது ஏற்கெனவே நூறு விளம்பரங்களில் வந்திருக்கும்.

தமிழ் எழுத்து திரையில்

இந்தப் பகுதிக்கு நேரம் ஒதுக்குங்கள். பலர் கைபேசியில் ஒலியை அணைத்துவிட்டே வீடியோவைப் பார்க்கத் தொடங்குகிறார்கள். அவர்களுக்குத் திரையில் தெரியும் வரிதான் கவிதை.

மென்பொருளைத் திறந்ததும் முதல் சோதனை: ‘கொக்கு, கோடை, பௌர்ணமி, தூது, ஸ்ரீ’ என்று தட்டிப் பாருங்கள். கொம்பு எழுத்துக்கு வலப்பக்கம் போய் நிற்கிறதா, புள்ளி வட்டம் தோன்றுகிறதா, ‘தூ’ இரண்டாகப் பிரிகிறதா என்று கவனியுங்கள். இவற்றில் ஒன்று நடந்தாலும் அந்த மென்பொருளின் எழுத்துக் கருவி தமிழைச் சேர்க்கத் தெரியாதது. அடோபியின் பிரீமியர், ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் இரண்டின் பழைய பதிப்புகளில், அமைப்புகளுக்குள் தெற்காசிய எழுத்து எஞ்சினைத் தேர்ந்தெடுத்தால் சரியாகும். மாற்றிய பின் புதிதாக எழுத்துப் பெட்டி போட்டுப் பாருங்கள். மற்றவற்றில் மல்லுக்கட்ட வேண்டாம். இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் ஒவ்வொரு பத்தியையும் தட்டச்சு செய்து, பின்னணி இல்லாத பிஎன்ஜி படமாக ஏற்றுமதி செய்து டைம்லைனில் வையுங்கள். இது எங்கேயும் உடையாது. ஒரே குறை, எழுத்துப்பிழை இருந்தால் திரும்பப் போய்த் திருத்த வேண்டும். ஆகவே படமாக்கும் முன் புத்தகத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள்.

அச்சகத்திலிருந்து வந்த கோப்பு பழைய பாமினி போன்ற எழுத்துருக் குறியீட்டில் இருந்தால் அதை அப்படியே ஒட்டினால் ரோமன் எழுத்துகள்தான் வரும். யூனிகோடுக்கு மாற்றி, மாற்றியதையும் சரிபார்க்க வேண்டும்.

எழுத்துருவுக்கும் உரிமம் உண்டு. நோட்டோ செரிஃப் தமிழ், நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், காட்டமரான் ஆகியவை திறந்த உரிமத்தில் கிடைப்பவை. கவிதைக்கு நோட்டோ செரிஃப் அழகாகப் பொருந்தும், ஆனால் அதன் மெல்லிய எடை கைபேசித் திரையில் கரைந்துவிடும். நடுத்தர எடையை எடுங்கள்.

எழுத்தெழுத்தாகத் தட்டச்சு ஆவது போன்ற விளைவைத் தமிழில் பயன்படுத்தாதீர்கள். மென்பொருள் உயிர்மெய்யை உடைத்துத்தான் காட்டும்: முதலில் ‘க’ வரும், அடுத்த நொடித்துணுக்கில் அது ‘கோ’ ஆகும், ‘ம’ வந்து பிறகு புள்ளி பெறும். எழுத்துகளுக்கு நடுவே இடைவெளி கூட்டும் அமைப்பையும் பூஜ்யத்தில் விடுங்கள், அதுவும் கொம்பையும் காலையும் பிரிக்கும். வரி வரியாக, அரை விநாடியில் மெல்லத் தோன்றி மறைவது போதும்.

அளவுகள்: 1080க்கு 1920 செங்குத்துத் திரையில் 64 பிக்சலுக்குக் குறையாத எழுத்து, 1920க்கு 1080 கிடைமட்டத் திரையில் 54. வரிக்கு வரி இடைவெளி எழுத்தின் உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு. ஒரு வரியில் கீழே இறங்கும் சுழியும் அடுத்த வரியில் மேலே எழும் குறியும் மோதாமல் இருக்க இது தேவை. ஒரு நேரத்தில் நான்கு வரிக்கு மேல் காட்ட வேண்டாம்.

செங்குத்துத் திரையில் நீண்ட வரி கொள்ளாது, மென்பொருள் தானாக மடக்கும். அப்போது கவிஞர் உடைக்காத இடத்தில் வரி உடைந்து, படிப்பவர் அதையே கவிதையின் வடிவம் என்று நம்புவார். தானியங்கி மடிப்பை அணைத்துவிட்டு, மடங்கும் பகுதியை அச்சுப் புத்தகத்தில் செய்வது போல உள்ளே தள்ளி வையுங்கள். செங்குத்துத் திரையின் கீழ்க்கால் பகுதியையும் வலது ஓரத்தையும் பொத்தான்களும் குறிப்பும் மறைக்கும் என்பதால் வரிகள் நடுப்பகுதிக்குள் இருக்கட்டும்.

வரி எவ்வளவு நேரம் நிற்க வேண்டும்? சத்தமாகப் படித்து நேரம் பார்த்து, அதைப் போல ஒன்றரை மடங்கு. குரலுக்கு முன்னால் எழுத்து ஓடக் கூடாது. கடைசி வரியைக் குரல் சொல்லும் முன்பே கண் படித்துவிட்டால், கவிதை முடியும் இடத்தின் வலு போய்விடும். வரி வரியாகத் தோன்றவைப்பதன் காரணம் இதுதான்.

இசையும் பிற ஒலிகளும்

பல கவிதைகளுக்கு இசையே வேண்டாம். துணி உதறும் ஒலி, தூரத்து ரயில், தாள் திரும்பும் சத்தம் போன்றவை குரலோடு போட்டி போடாது. ஃப்ரீசவுண்ட் தளத்தில் இவை கிடைக்கும். அங்கும் உரிமத்தைப் பாருங்கள்.

இசை வைத்தால் பாட்டு வரி இல்லாத, தாளம் தூக்கலாக இல்லாத துண்டு. வயலினும் புல்லாங்குழலும் மனிதக் குரலின் அலைவரிசையிலேயே ஒலிப்பதால் சொல்லை மறைக்கும். தாழ்ந்த செல்லோ, தம்பூரா போன்ற சுருதி, இடைவெளி விட்டு விழும் பியானோ சுரங்கள் குரலுக்கு இடம் விடும். குரலைவிட 15 முதல் 20 டெசிபல் கீழே வையுங்கள். முதல் வரிக்கு முன்னரே இசை தொடங்கி, கடைசி வரிக்கு முன் முற்றிலும் அடங்கிவிடட்டும். அந்த ஒரு வரி அமைதியில் ஒலிப்பதற்கு ஈடாக எந்த இசையும் இல்லை.

அடுக்குதல்

குரலை முதலில் டைம்லைனில் போட்டு, நிறுத்தங்களை நீட்டிச் சுருக்கிச் சரிசெய்யுங்கள். கண்ணை மூடிக் கேட்கும்போது முழுமையாக இருக்கிறது என்று தோன்றிய பிறகு படங்களை வையுங்கள். ஒரு நிமிடத்துக்கு ஏறக்குறைய இப்படி வரும்:

முதல் நான்கு விநாடி: முதல் காட்சி, அதன் ஒலி. பதிப்பகச் சின்னம் இங்கே வேண்டாம். பார்ப்பவர் விரலால் தள்ளிவிடுவார்.
4 முதல் 42 வரை: கவிதை.
42 முதல் 45 வரை: கடைசிக் காட்சி, அமைதி.
45 முதல் 52 வரை: அட்டை, புத்தகத்தின் பெயர், கவிஞர் பெயர். அட்டையில் இருக்கிறதே என்று விட்டுவிடாமல் பெயரைத் தனியாகப் பெரிய எழுத்தில் போடுங்கள். கைபேசியில் அட்டையின் எழுத்து படிக்க முடியாத அளவுக்குச் சிறுத்துவிடும்.
52 முதல் 60 வரை: பதிப்பகம், எங்கே கிடைக்கும், இசைக்கும் ஓவியத்துக்கும் உரிய பெயர்கள்.

காட்சி மாறும் இடம் வரி முடியும் இடத்திலேயே வராமல், அரை விநாடி முன்போ பின்போ விழட்டும். இரண்டும் ஒரே நொடியில் மாறினால் பார்ப்பவருக்கு ஸ்லைடு காட்சி பார்க்கும் உணர்வு வரும். ஒரு ஷாட்டிலிருந்து மற்றொன்றுக்கு நேர் வெட்டு போதும். சுழலும் பக்கங்கள், நட்சத்திரத் தூவல் எல்லாம் வேண்டாம்.

செங்குத்துப் பதிப்பைத் தனியாக வெட்டுங்கள். கிடைமட்டப் படத்தின் நடுவை மட்டும் கத்தரித்தால் எழுத்தும் பாதி போகும். அதன் நீளம் 30 முதல் 40 விநாடி. குரல் முதல் ஒரு விநாடிக்குள் தொடங்க வேண்டும்.

ஏற்றுமதி

எம்பி4 கோப்பு, எச்.264, படம் எடுத்த அதே ஃப்ரேம் வேகம், விநாடிக்கு 12 முதல் 16 மெகாபிட், ஒலி ஏஏசி 48 கிலோஹெர்ட்ஸ். மொத்த ஒலியளவு மைனஸ் 14 எல்யுஎஃப்எஸ் (காதில் கேட்கும் சராசரி ஒலியளவின் அலகு), உச்சம் மைனஸ் 1 டெசிபலைத் தாண்டாமல். யூடியூப் இந்த அளவுக்கு மேல் உள்ளதைத் தானாகக் குறைக்கும். குறைவாக உள்ளதை உயர்த்தாது. எனவே மெல்லிய ஒலியோடு ஏற்றினால் அடுத்த வீடியோவோடு ஒப்பிட்டால் உங்கள் கவிஞர் முணுமுணுப்பது போலக் கேட்கும்.

இருட்டான காட்சிகள் ஏற்றிய பின் கட்டம் கட்டமாகவோ பட்டை பட்டையாகவோ உடையும். மிக மெல்லிய ஃபிலிம் துகள் விளைவைச் சேர்த்தால் குறையும். யூடியூபுக்கு 1440 அளவுக்குப் பெரிதாக்கி ஏற்றினாலும் படம் தெளிவாக வரும். வாட்ஸப்பில் வீடியோவாக அனுப்பினால் அது சுருக்கிவிடும். பதிப்பாளருக்கோ விழா அமைப்பாளருக்கோ அனுப்பும்போது ஆவணமாக இணைத்து அனுப்புங்கள்.

வெளியிடும் முன் மூன்று முறை பாருங்கள்: கைபேசியில் ஒலி இல்லாமல், கைபேசி ஒலிபெருக்கியில் பாதி ஒலியில், இயர்ஃபோனில் முழுதாக. பிறகு தொகுப்பைப் படிக்காத ஒருவரிடம் ஒருமுறை மட்டும் காட்டி, புத்தகத்தின் பெயர் என்ன என்று கேளுங்கள். அவருக்குச் சொல்லத் தெரியவில்லை என்றால் 45ஆம் விநாடிக்குப் போய்த் திருத்துங்கள்.

ஏற்றும்போது

தலைப்பில் புத்தகத்தின் பெயர், கவிஞர் பெயர், ‘கவிதைத் தொகுப்பு’ என்ற சொல். விளக்கத்தின் முதல் இரண்டு வரிக்குள் வாங்கும் இணைப்பு. அதற்குக் கீழே உள்ளவை சுருங்கி மறைந்துவிடும். ஐஎஸ்பிஎன் எண், பதிப்பு ஆண்டு, உரிமக் குறிப்புகள் அடுத்து. முகப்புப் படம் 1280க்கு 720 பிக்சல். யூடியூப் ஷார்ட்ஸின் விளக்கத்தில் போடும் இணைப்பு 2023 ஆகஸ்ட் இறுதியிலிருந்து அழுத்தினால் திறப்பதில்லை. இன்ஸ்டாகிராம் குறிப்பிலும் திறக்காது. ஆகவே அவற்றில் புத்தகத்தின் பெயர் தேடக்கூடிய வகையில் திரையிலேயே தெளிவாக இருக்க வேண்டும்.

யூடியூபின் இறுதித் திரையில் உங்கள் பிற வீடியோக்களுக்கான இணைப்புகள் வைக்கலாம். கடைசி 5 முதல் 20 விநாடிக்குள் அவை வரும், வீடியோ 25 விநாடிக்காவது இருக்க வேண்டும். 52ஆம் விநாடிக்குப் பின் திரையின் ஒரு பக்கத்தைக் காலியாக விட்டால் அவை எழுத்தின்மேல் ஏறாது.

எந்த வரி எந்த நொடியில் வரும் என்று குறிக்கும் எஸ்ஆர்டி வசனக் கோப்பையும் ஏற்றுங்கள். காது கேளாதவர்களுக்கும் தேடுபொறிக்கும் அது உதவும். கோப்பை யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டில் சேமிக்காவிட்டால் தமிழ் கேள்விக்குறிகளாகவோ குழம்பிய எழுத்துகளாகவோ வரும். நேரக் குறிப்பில் விநாடிக்கும் மில்லிவிநாடிக்கும் நடுவே காற்புள்ளி இருக்க வேண்டும், புள்ளி இருந்தால் சில தளங்கள் ஏற்காது.

வேலை முடிந்ததும் எடிட்டிங் கோப்பு, குரலின் வேவ் கோப்பு, அனுமதிக் கடிதங்கள், உரிமப் பிடிஎஃப்கள் எல்லாவற்றையும் ஒரே கோப்புறையில் போட்டு இரண்டு இடத்தில் சேமியுங்கள். அதோடு எழுத்தே இல்லாத ஒரு பதிப்பையும் ஏற்றுமதி செய்து வையுங்கள். தொகுப்பு வேறு மொழிக்குப் போனாலோ, இரண்டாம் பதிப்பு வேறு அட்டையோடு வந்தாலோ, எழுத்துப் படங்களையும் கடைசிப் பதினைந்து விநாடியையும் மாற்றினால் போதும்.